ஹைட் பார்க் ரூஸ்வெல்ட் நூலகத்துக்கு இடைத்தரகர் வழியாகப் பயணம் வாங்குவோர் கவனத்துக்கு

நியூயார்க் நகரிலிருந்து ஹைட் பார்க்கில் உள்ள, அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் ஆவணங்களும் அருங்காட்சியகமும் அடங்கிய அதிபர் நூலகத்துக்கு ஒருநாள் சுற்றுலா என இணையத்தில் விற்கப்பட்ட பயணம் ஒன்றை வாங்கி, நானும் என் நண்பரும் ஏமாற்றப்பட்டோம். விற்ற நிறுவனத்தின் பெயரை இங்கே நான் குறிப்பிடவில்லை. இத்தகைய தளங்கள் பெயரை மாற்றிக்கொண்டு மறுபடியும் வந்துவிடும் என்பதால், அவர்கள் எதை, எப்படி விற்கிறார்கள் என்பதை விளக்குவதே அங்கு செல்ல நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

ஒருவருக்கு 189 டாலர் கட்டணம். வேன் பயணம், நூலகத்தின் அருங்காட்சியகம், ரூஸ்வெல்ட் பிறந்து வாழ்ந்த ஸ்பிரிங்வுட் இல்லம், அவரும் அவர் மனைவி எலினோரும் அடக்கம் செய்யப்பட்டுள்ள ரோஜாத் தோட்டத்துக்கான 'வளாக அனுமதி' ஆகிய அனைத்தும் அதில் அடங்கும் என்று எழுதியிருந்தார்கள். மேலும் 60 டாலர் செலுத்தினால் மூல ஆவணங்களை நேரில் காணும் 'சிறப்பு அனுமதி' கிடைக்கும் என்றும், பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு மறுநாள் நிகழ்த்திய உரையின், ரூஸ்வெல்ட் தம் கையால் திருத்திய தட்டச்சுப் பிரதியின் படத்தைப் போட்டு விளம்பரம் செய்திருந்தார்கள். நாங்கள் இரண்டையும் வாங்கினோம்.

என் நண்பருக்குச் சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியதால் இன்றும் ஒரு காலில் கேலிப்பர் என்னும் தாங்கு பட்டை அணிந்தே நடக்கிறார். பல ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவர். 1921-இல் அதே நோயால் கால்கள் செயலிழந்த ரூஸ்வெல்ட், எஃகுப் பட்டைகளின் துணையோடு நின்று, நான்கு முறை அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே, அந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்குள் வளர்ந்திருந்தது. பெட்டிகளை ஏற்றி இறக்குவதற்காக அந்த வீட்டில் இருந்த, மின்சாரமின்றி இயங்கும் சிறிய தூக்குக் கூண்டில் அமர்ந்து, கயிற்றைத் தம் கைகளாலேயே இழுத்து ரூஸ்வெல்ட் மாடிக்குச் செல்வார். தீப்பற்றினால் மின்சாரம் நின்று உள்ளே சிக்கிக்கொள்ள நேரும் என்று அஞ்சி, மின்தூக்கி வைக்க அவர் இசையவில்லை. அந்தக் கூண்டைத்தான் என் நண்பர் முதலில் பார்க்க விரும்பினார். முன்பதிவின்போது அவருடைய கால் நிலைமையை எழுதிக் கேட்டதற்கு, ஏறி இறங்க வசதியான வண்டி அனுப்பப்படும் என்று எழுத்திலேயே உறுதியளித்தார்கள்.

வந்ததோ உயரமான படியுள்ள சாதாரண வேன். நண்பரை நானும் இன்னொரு பயணியும் தாங்கிப் பிடித்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. வழியில், பயணத் திட்டத்தில் எங்குமே குறிப்பிடப்படாத ஒரு பெரிய கடைத்தொகுதியில் வண்டியை நிறுத்தி, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக எங்களைக் காக்கவைத்தார்கள். பிற்பகலில் ஹைட் பார்க்கை அடைந்தபோது, வழிகாட்டி எங்கள் கண்முன்னே பார்வையாளர் மையத்தின் முகப்பில் வரிசையில் நின்று அருங்காட்சியகச் சீட்டுகளை வாங்கிக் கொடுத்தார். முன்பதிவு எதுவும் செய்யப்பட்டிருக்கவில்லை. ஸ்பிரிங்வுட் இல்லத்துக்கு அன்றைய சுற்றுகளில் இடமில்லை என்று அங்கேயே தெரிந்தது.

வளாகத்திலிருந்த ரேஞ்சர் (பூங்கா அலுவலர்) ஒருவர் பொறுமையாக விளக்கிய பின்னரே, நாங்கள் எவற்றுக்குப் பணம் கொடுத்திருந்தோம் என்பது முழுமையாகப் புரிந்தது. இல்லமும் தோட்டமும் தேசியப் பூங்காப் பணியின் பொறுப்பில் உள்ளன. நூலகமும் அருங்காட்சியகமும் தேசிய ஆவணக்காப்பகத்தின் பொறுப்பில் உள்ளன. கல்லறை உள்ள தோட்டம் உட்பட வளாகத்தில் நடந்து பார்ப்பதற்குக் கட்டணமே கிடையாது. இல்லத்தின் உட்பகுதியை ரேஞ்சர் அழைத்துச் செல்லும் சுற்றில் மட்டுமே காண முடியும். ஒவ்வொரு சுற்றிலும் குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்கே இடம் உண்டு. மூல ஆவணங்களைப் பொறுத்தவரை, ஆய்வு அறையைப் பயன்படுத்த விரும்புவோர் நூலகத்துக்கே நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் கட்டணம் இல்லை. சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கத்தக்க 'சிறப்பு அனுமதி' என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. அந்த உரைப் பிரதி உட்படப் பல ஆவணங்களை நூலகமே எண்மப்படுத்தித் தன் இணையதளத்தில் எல்லோருக்கும் இலவசமாக வைத்திருக்கிறது.

என்னை மிகவும் வருத்தியது இதுதான். அதிபர்கள் தம் தாள்களைச் சொந்தச் சொத்தாக எடுத்துச் செல்வதும், அவை சிதறி அழிவதும் வழக்கமாக இருந்த காலத்தில், ரூஸ்வெல்ட் தம் ஆவணங்களையும் தம் நிலத்தின் ஒரு பகுதியையும் அரசுக்கு அளித்தார். பொதுமக்களிடம் திரட்டிய நன்கொடையில் கட்டப்பட்டு, 1941 ஜூன் 30 அன்று திறக்கப்பட்ட இந்தக் கட்டடமே அமெரிக்க மத்திய அரசின் பொறுப்பில் அமைந்த முதல் அதிபர் நூலகம். 1955-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த முறையைப் பின்வந்தவர்களுக்கும் விரிவாக்கியது. மக்கள் வந்து பார்ப்பதற்காகவே கொடுக்கப்பட்ட ஒன்றின் வாசலில் நின்றுகொண்டு, இல்லாத அனுமதியை ஒருவர் விற்பது வெறும் வணிகத் தந்திரம் என்று என்னால் விட்டுவிட முடியவில்லை.

அருங்காட்சியகத்தில் எங்களுக்குக் கிடைத்த நேரம் மிகக் குறைவு. கால்களைப் பயன்படுத்தாமல் கைகளாலேயே ஓட்டும்படி மாற்றியமைக்கப்பட்ட, ரூஸ்வெல்ட்டின் 1936-ஆம் ஆண்டு ஃபோர்டு காரின் முன் நண்பர் நின்றுகொண்டிருந்தபோதே, வண்டி புறப்படுகிறது என்று வழிகாட்டி கைபேசியில் அழைத்து விரட்டினார். நண்பரால் விரைந்து நடக்க முடியாது என்று சொன்னதற்கு, தாமதமானால் நீங்களே ஊர் திரும்பிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது, 'இடவசதியைப் பொறுத்தது' என்ற ஒரு வரியை விதிமுறைகளிலிருந்து எடுத்து அனுப்பினார்கள். சிறப்பு அனுமதி பற்றிய கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

அங்கே செல்ல இடைத்தரகர் தேவையே இல்லை. கிராண்ட் சென்ட்ரல் நிலையத்திலிருந்து மெட்ரோ-நார்த் ரயிலின் ஹட்சன் தடத்தில், ஆற்றை ஒட்டியே சுமார் இரண்டு மணி நேரம் பயணம் செய்தால் பொக்கீப்சி வந்துவிடும். அங்கிருந்து ஹைட் பார்க் வாடகைக் காரில் சிறிது தூரமே. புறப்படும் முன் இல்லத்தின் சுற்று நேரங்களைப் பூங்காப் பணியின் தளத்திலும், நூலகம் திறந்திருக்கும் நாட்களை நூலகத்தின் தளத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள். அதிபர் நூலகங்களின் உண்மையான தள முகவரிகள் தேசிய ஆவணக்காப்பகத்தின் பக்கத்தில் பட்டியலிடப்பட்டுள்ளன; தேடுபொறியில் முதலில் தோன்றும் விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை. நடக்கச் சிரமப்படுவோர் உடன் வந்தால், வளாகத்துக்கே தொலைபேசியில் அழைத்துக் கேட்பது நல்லது.

ஏற்கெனவே இப்படி ஏமாந்தவர்கள், அமெரிக்க வங்கியின் கடன் அட்டையில் பணம் செலுத்தியிருந்தால், அந்தக் கட்டணம் இடம்பெற்ற முதல் கணக்கு அறிக்கை அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் அட்டை வழங்கிய வங்கிக்கு எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்க வேண்டும். விளம்பரப் பக்கத்தின் படத்தையும், வண்டி வசதி குறித்து அவர்கள் எழுதிய உறுதிமொழியையும் இணைத்து நாங்கள் அனுப்பியதன் பேரில், சிறப்பு அனுமதிக்காகச் செலுத்திய தொகையை வங்கி தற்காலிகமாகத் திருப்பி வரவு வைத்திருக்கிறது. மீதித் தொகை பற்றிய விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவிலும் புகார் அளித்துள்ளோம்.