நேசரி நேரத்தில் வீட்டிலிருந்தே வேலை என்று 113,000 ரூபா கட்டினேன்

எங்கள் நேசரி அம்மாமாரின் வட்ஸ்அப் குழுவில் நேற்றுக் காலை ஒரு விளம்பரம் வந்தது. "பிள்ளைகள் முன்பள்ளியில் இருக்கும் நேரத்தில் நாளுக்கு 2 மணித்தியால வேலை, 3,000 ரூபாவிலிருந்து." போட்டவர் நல்ல மனதோடுதான் போட்டிருக்கிறார். எனக்கு வயிற்றைப் புரட்டியது. இதே வசனத்தை நம்பித்தான் நான் 113,000 ரூபாவைப் பறிகொடுத்தேன். வெட்கத்தில் இவ்வளவு நாளும் வாய் திறக்கவில்லை.

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில். மூத்தவனுக்கு நேசரி 8 மணி முதல் 11.30 வரை, சின்னவளுக்கு 8.30 முதல் 11 வரை. கூட்டிக் கழித்தால் என் கையில் மிஞ்சுவது இரண்டரை மணித்தியாலம். கல்யாணத்துக்கு முன் ஒரு கம்பனியில் கணக்குப் பார்த்தவள் நான். காலி வீதியில் எத்தனை கடைப்படி ஏறி இறங்கியிருப்பேன்! புடைவைக் கடையில் காலை 10 முதல் இரவு 8 வரை நிற்கச் சொன்னார்கள். ஓர் அலுவலகத்தில் "அரை நாள்" என்றால் 8.30 முதல் 1 மணி. 11 மணிக்குப் பிள்ளையை எடுக்கவேண்டும் என்றதும் சிரித்துவிட்டார்கள். ட்யூஷன் கொடுக்கலாம் என்றால் அதற்குப் பிள்ளைகள் வருவது பின்னேரம். அந்த நேரம் என் இரண்டும் வீட்டைத் தலைகீழாக்கும்.

அப்போதுதான் பேஸ்புக்கில் அந்த விளம்பரம். வட்ஸ்அப்பில் கதைத்த பெண் முதலில் கேட்ட கேள்வியே, "எத்தனை மணிக்கு அக்கா பிள்ளையைக் கூட்டிவரப் போகவேண்டும்?" வேறு எவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நான் விழுந்தது காசில் இல்லை, அந்தக் கேள்வியில்.

வேலை லேசு. கூகுள் மேப்பில் ஏதோ ஒரு ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு ஸ்கிரீன்ஷொட் அனுப்பினால் 150 ரூபா. முதல் நாள் மூன்று செய்தேன், பத்து நிமிடத்தில் 450 ரூபா கணக்குக்கு வந்தது. பின்னேரம் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு டெலிகிராம் குழுவில் சேர்த்தார்கள். அங்கே ஆள் ஆளாக வங்கிச் சிலிப் போட்டு "நன்றி மேடம்" என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் ஒரே ஆளாகக்கூட இருந்திருக்கலாம். "முற்பணப் பணி" என்று ஒன்று சொன்னார்கள். 5,000 கட்டினேன், 6,500 திரும்பி வந்தது. அடுத்தது 15,000. போன் திரையில் 21,000 என்று மின்னியது, ஆனால் எடுக்க முடியவில்லை. இது மூன்று பணி சேர்ந்த தொகுதியாம், மூன்றையும் முடித்தால்தான் காசு வருமாம். இரண்டாவது 38,000. அது சீட்டுக் கட்ட வைத்திருந்த காசு. மூன்றாவது 60,000, அதையும் 25 நிமிடத்துக்குள் கட்டவேண்டும்.

வங்கியின் அடகுப் பிரிவில் வரிசையில் நிற்கிறேன். மணி 10.20. கையில் அம்மா தந்த காப்பு, மற்றக் கையில் சின்னவளின் தண்ணீர்ப் போத்தல், காலையில் கொடுக்க மறந்தது. போன் விடாமல் துடிக்கிறது: "அக்கா, நேரம் முடிகிறது. மற்ற உறுப்பினர்களின் காசும் உங்களால் நிற்கிறது." அதுதான் தந்திரம். நான் பிந்தினால் யாரோ நாலு பேருக்கு நட்டமாம். காப்பை வைத்துக் காசைக் கட்டிவிட்டு நேசரிக்கு ஓடினேன். கேற்றடியில் நிற்கும்போதே அடுத்த செய்தி: காசை எடுக்க 45,000 வரி. கட்ட என்னிடம் வேறு எதுவும் இல்லாததால்தான் அங்கே நின்றேன். புத்தி வந்து நிற்கவில்லை.

வங்கிக்குப் போன் எடுத்தேன். இப்போது ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்குக் காசு உடனுக்குடன் போய்விடும். போனது போனதுதான், அடுத்த நிமிடமே வேறு கைக்கு மாறிவிடுகிறது. பொலிஸில் முறைப்பாடு கொடுத்தேன், பதிந்தார்கள். அதற்குமேல் ஒரு தகவலும் இல்லை.

என் கணக்கு விபரத்தை எடுத்துப் பார்த்தபோது தெரிந்த விடயம் இன்னும் கசப்பு. எனக்கு வந்த 450, 6,500 எதுவும் கம்பனிக் கணக்கிலிருந்து வரவில்லை. இரண்டும் இரண்டு தனி ஆட்களின் பெயரில் வந்தவை. ஒன்று பெண் பெயர். என்னைப் போல ஏமாந்தவரின் முற்பணத்தைத்தான் எனக்குச் "சம்பளம்" என்று அனுப்பியிருக்கிறார்கள். இப்படிக் காசு வந்துபோன கணக்கு விசாரணையில் மாட்டலாம் என்று வங்கியில் சொன்னார்கள். அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து வேறு அனுப்பியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

வேலை தருகிறவர் நமக்குத்தான் காசு தரவேண்டும். ஒழுங்கான வேலை என்றால் அவர் நமக்காக ஈ.பி.எஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம் கட்டுவார், நம் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார். கணக்குப் பார்த்தவள் நான், எனக்குத் தெரியாததா? ஒரு தடவையாவது அதைக் கேட்டேனா! நீங்கள் ஏற்கெனவே கட்டியிருந்தால் அந்தக் குழுவிலிருந்து வெளியேற முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். நான் கோபத்தில் வெளியேறினேன், அவர்கள் செய்திகளை அழித்துவிட்டார்கள். முதலில் வங்கிக்குச் சொல்லுங்கள், பிறகு பொலிஸ். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் (CERT) 101 இலக்கத்துக்கு எடுங்கள்.

விளம்பரம் போட்டவருக்கு நேற்றிரவே போன் எடுத்தேன். அவருக்கு முதல் நாள் 450 வந்துவிட்டதாம், இன்று 5,000 கட்டப்போகிறாராம். கட்டாதீர்கள் என்று முழுக் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆனால் உங்களுக்கு 6,500 திரும்பி வந்ததுதானே?" என்றார்.