வாசல் வாசலாகப் போவதா, வீட்டோடு இருப்பதா? 2020 ஹாலோவீன்: ஓர் அலசல்

அமெரிக்காவில் வளரும் பிள்ளைகளுக்கு 2020 ஹாலோவீன் அமர்க்களமாக அமைந்திருக்க வேண்டியது. ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 சனிக்கிழமையில் வந்தது. பௌர்ணமி வேறு. அன்றிரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பதால் தூக்கமும் கெடாது. ஆனால் அந்த வாரத்தில்தான் நாட்டில் புதிதாகக் கொரோனா தொற்று கண்டவர்களின் எண்ணிக்கை நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சத்தைத் தொட்டது. தடுப்பூசி அப்போது பெரியவர்களுக்கே வரவில்லை. வேஷம் போட்டுக்கொண்டு நாற்பது வீட்டுக் கதவைத் தட்டி மிட்டாய் வாங்கும் 'ட்ரிக் ஆர் ட்ரீட்'டுக்குப் பிள்ளையை அனுப்புவதா வேண்டாமா என்று ஒவ்வொரு வீட்டிலும் பட்டிமன்றம் நடந்தது.

அதிகாரிகளும் ஒரே குரலில் பேசவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி செப்டம்பரில் வீடு வீடாகப் போவதற்குத் தடை போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே 'பரிந்துரைக்கவில்லை' என்று இறங்கி வந்தது. சிகாகோ மேயர் லோரி லைட்ஃபுட் சின்னக் குழுக்களாகப் போகலாம் என்றார். நியூயார்க் ஆளுநர் கூமோ தடை செய்ய மாட்டேன் என்று கைகழுவினார். எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவில் டொராண்டோ, பீல், யார்க், ஒட்டாவா பகுதிகளுக்கு 'வேண்டாம்' என்றது ஒன்டாரியோ அரசு. நம்மவர்கள் நிறைய வாழும் ஸ்கார்பரோவும் பிராம்ப்டனும் மார்க்கமும் அதற்குள் அடங்கிவிட்டன. பக்கத்து மாகாணமான கியூபெக்கோ, ஒரே வீட்டார் சேர்ந்து போகலாம் என்றது. ஆக, முடிவு கடைசியில் பெற்றோர் தலையில்தான் விழுந்தது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி ஹாலோவீன் கொண்டாட்டங்களைக் குறைந்த ஆபத்து, நடுத்தர ஆபத்து, அதிக ஆபத்து என்று மூன்றாகப் பிரித்தது. பழைய பாணியில் கதவைத் தட்டி மிட்டாய் வாங்குவது அதிக ஆபத்துப் பட்டியலில் இருந்தது. வீட்டுக்குள் நடக்கும் வேஷப் பார்ட்டியும் அதே பட்டியலில்தான் இருந்தது. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கதவு தட்டும் முறையில் ஆபத்து எங்கே இருக்கிறது? தெருவில் நடப்பதில் இல்லை. காற்றோட்டமான வெட்டவெளியில் அண்ணனும் தங்கையும் அப்பாவோடு நடந்து போவதால் யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை. சிக்கல் வாசலில். கதவு திறக்கிறது, வீட்டுக்குள் அடைபட்டிருந்த காற்று வெளியே வருகிறது, ஐந்தாறு பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு ஒரே கிண்ணத்தில் கைவிடுகிறார்கள். 'தொற்றாளருக்கு நெருக்கமானவர்' என்பதற்கு சிடிசி வைத்திருந்த வரையறை, 6 அடிக்குள் 15 நிமிடம். அக்டோபர் 21 அன்று அதையும் திருத்தி, 24 மணி நேரத்தில் விட்டு விட்டுச் சேரும் 15 நிமிடமும் கணக்குதான் என்றது. இதைப் பிள்ளைக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு வாசலில் இருபது நொடி, அடுத்த வாசலில் வேறு ஆள். எந்த ஒருவரோடும் அரை நிமிடம்கூடத் தேறாது.

கதவுக்கு உள்ளே நிற்பவருக்கு வேறு கணக்கு. பிள்ளைகள் நிறைய வரும் தெருவில் ஒரே மாலையில் நூறு பேர் முகத்துக்கு நேரே வந்து கத்திவிட்டுப் போவார்கள். நம் வீடுகளில் அந்த இடத்தில் நின்றது பெரும்பாலும் யார்? மார்ச்சில் விமானங்கள் நின்று ஊர் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்ட தாத்தா பாட்டி. "பிள்ளைங்க அழகா வேஷம் போட்டு வராங்க, நானே கொடுக்கிறேன்" என்று ஆசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள். வாங்குகிற குழந்தையைப் பற்றியே எல்லோரும் விவாதித்தார்கள். கொடுக்கிற ஆளைப் பற்றி யோசித்தவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் முதல் கேள்வியே அதுதான்: உங்கள் வீட்டில் மிட்டாய் கொடுப்பது யார்?

மிட்டாய் உறையைத் துடைப்பதா, மூன்று நாள் தனியாக வைப்பதா என்ற கவலையும் அன்று பெரிதாக இருந்தது. தொட்ட பொருள் வழியே தொற்றுவதற்கான வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று 2021 ஏப்ரலில் சிடிசியே சொல்லிவிட்டது. சாப்பிடுமுன் கையைக் கழுவினால் போதும்.

அடுத்தது, வாசலுக்குப் பதிலாகத் தெருவோரத்தில் மேஜை போடும் முறை. மிட்டாயைத் தனித்தனிப் பைகளில் கட்டி, வீட்டு முன்னால் கார் நிறுத்தும் டிரைவ்வே தெருவில் முடியும் இடத்தில் வரிசையாக வைத்துவிட்டு, பத்தடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்துகொள்வது. சிடிசி இதை நடுத்தர ஆபத்தில் வைத்தது. மனிதர்களின் கற்பனை வளம் வெளிப்பட்டது இங்கேதான். சின்சினாட்டியில் ஓர் அப்பா 6 அடி நீள அட்டைக் குழாயைப் படிக்கட்டுக் கைப்பிடியில் சாய்த்துக் கட்டினார். மேலிருந்து மிட்டாயைப் போட்டால் கீழே நிற்கும் குழந்தையின் பைக்குள் சறுக்கி விழும். அந்தப் படம் பரவி, நாடு முழுக்கக் குழாய் முளைத்தது. கனடாவின் தலைமைப் பொதுசுகாதார அதிகாரி தெரசா டாம், ஹாக்கி மட்டையின் நுனியில் வைத்து நீட்டுங்கள் என்றார். கனடாக்காரர்கள் வேறு எதைச் சொல்வார்கள்! எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இரண்டு மரங்களுக்கு நடுவே துணிக்கொடி கட்டி, மிட்டாய்ப் பைகளைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். எட்டாத சின்னப் பிள்ளைகளுக்காகக் கீழே இன்னொரு கொடி. பிள்ளைகளுக்கு அதைப் பறிப்பதே ஒரு விளையாட்டாகிவிட்டது.

நம் குடும்பங்களுக்கு இது ஒன்றும் புதுசில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் நவராத்திரி முடிந்திருந்தது. கொலுவை ஜூமில் காட்டிவிட்டு, சுண்டலை டப்பாவில் போட்டு வாசலில் வைத்து, மணியடித்துவிட்டு காருக்கு ஓடிவந்த அதே மாமிகள்தான் மேஜையும் போட்டார்கள்.

இதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. யாரும் கவனிக்காத மேஜையில் பெரிய பையன் ஒருவன் வந்து பாதியை அள்ளிக்கொண்டு போவான். அதைவிடப் பெரிய குறை, மேஜை போட டிரைவ்வே வேண்டும். புதிதாக வந்து அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. ஜன்னல் இல்லாத உள் நடைபாதையில் இரண்டு பக்கமும் கதவுகள் உள்ள கட்டடத்தில், வீடு வீடாகப் போவது என்பது கூட்டமான அறைக்குள் உலாவுவதுதான். வெளிப்படிக்கட்டு உள்ள குடியிருப்பு என்றால் பரவாயில்லை.

காரின் டிக்கியை அலங்கரித்து, பார்க்கிங் லாட்டில் வரிசையாக நிறுத்தி மிட்டாய் கொடுக்கும் 'ட்ரங்க் ஆர் ட்ரீட்' பார்க்கப் பத்திரமாகத் தெரியும். சாலையைக் கடக்கும் ஆபத்து இல்லை என்பதால் சர்ச்சுகளும் பள்ளிகளும் அதை விரும்பின. ஆனால் கார்கள் ஒட்டி ஒட்டி நிற்கும், குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நெருக்கி நிற்கும். சிடிசி இதையும் அதிக ஆபத்தில் சேர்த்தது, அதில் எனக்கு மறுப்பில்லை.

வீட்டுக்குள் பார்ட்டி வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். "வெளியே அனுப்பப் பயமாக இருக்கிறது, அதனால் நாலு வீட்டுப் பிள்ளைகளை நம் பேஸ்மென்ட்டுக்கே கூப்பிட்டுவிட்டோம்" என்று சொன்ன பெற்றோரை அந்த வருடம் பார்த்தேன். அக்டோபர் குளிரில் ஜன்னல் சாத்திய அறை, மூன்று மணி நேரம், பாட்டு, பீட்சா, பீட்சாவுக்காகக் கழற்றிய மாஸ்க். வேஷத்துக்கான முகமூடி நோயைத் தடுக்காது. அதைத் துணி மாஸ்க்குக்கு மேல் போட்டால் மூச்சு முட்டும், அதையும் செய்யாதீர்கள் என்று சிடிசி தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. வாசல் வழக்கத்துக்குத் தடை போட்டால் பிள்ளைகள் வீட்டில் அடங்கிவிடுவார்கள் என்று நினைத்த ஊர்கள் இந்த பேஸ்மென்ட்டை மறந்துவிட்டன. அதனால்தான் இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டது தப்பு என்கிறேன். ஒன்றை மூடினால் கூட்டம் மற்றொன்றுக்குப் போகும்.

சரி, வீட்டோடு இருந்துவிடலாமே? மிட்டாயை வீட்டிலும் தோட்டத்திலும் ஒளித்துவைத்துத் தேடச் சொல்வது, பூசணிக்காயைக் குடைந்து விளக்கேற்றுவது, சோபாவில் சினிமா. கொரோனாவுக்கு இங்கே வேலையே இல்லை. ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு உண்மையில் இதுவே போதும். அவர்களுக்கு மிட்டாய் வந்தால் சரி, எந்த வாசலிலிருந்து வந்தது என்று கணக்கு வைக்க மாட்டார்கள். ஒன்பது வயதுக்காரி விடமாட்டாள். மார்ச்சிலிருந்து ஜூம் வகுப்பில் உட்கார்ந்து தோழிகளைச் சதுரக் கட்டங்களில் மட்டும் பார்த்த பிள்ளையிடம் சோபாவைக் காட்டினால் அது கொண்டாட்டம் ஆகாது. அதற்காக, ஒரு வருடம் போகாவிட்டால் பிள்ளையின் பால்யமே பாழ் என்று புலம்பியவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இரண்டாம் உலகப் போரில் சர்க்கரை ரேஷன் வந்து இந்த வழக்கமே படுத்துவிட்டது. 1947-ல் ரேஷன் நீங்கிய பிறகுதான் நாடு முழுக்கப் பரவியது.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 42 வருட விபத்துப் புள்ளிவிவரங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, ஹாலோவீன் மாலையில் நடந்து செல்வோர் வாகனம் மோதி இறக்கும் ஆபத்து சாதாரண மாலையைவிட 43 சதவீதம் அதிகம் என்று காட்டியது. 2018 அக்டோபர் இறுதியில் இணையத்தில் வெளியான ஆய்வு அது. கறுப்பு வேஷத்தில் இருட்டில் சாலையைக் கடக்கும் பிள்ளைக்குக் கையில் டார்ச்சும் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கரும் தராமல், கிருமிநாசினி பாட்டிலை மட்டும் தந்து அனுப்பியவர்கள் பாதி வேலையைத்தான் செய்தார்கள்.

என் தீர்ப்பு இதுதான். தனி வீடுகள் உள்ள தெரு, பள்ளி வயதுப் பிள்ளைகள் என்றால் மேஜை முறையில் அனுப்பலாம். சொந்த வீட்டாரோடு மட்டும், நிஜ மாஸ்க்கோடு, இருட்டுமுன் கிளம்பி. தாத்தா பாட்டி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து கையசைக்கட்டும். வீட்டில் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் யாராவது இருந்தாலோ, உள் நடைபாதைக் கட்டடமானாலோ, வீட்டுக்குள்ளேயே மிட்டாய்த் தேடல்தான். வேறு வீட்டுப் பிள்ளைகளோடு பேஸ்மென்ட் பார்ட்டி எந்தக் கணக்கிலும் சேராது.

2021-ல் டெல்டா வகைக் கொரோனா ஓடிக்கொண்டிருந்தபோதும் இதையேதான் சொல்லியிருப்பேன். வெளியில்தானே, தாராளமாகப் போய் வாருங்கள் என்று அந்த அக்டோபரில் அமெரிக்க அரசின் தொற்றுநோய் நிபுணர் ஃபவுச்சி டிவியில் சொன்னார். 5 முதல் 11 வயதினருக்கான தடுப்பூசிக்கு சிடிசி பச்சைக்கொடி காட்டியது நவம்பர் 2-ம் தேதி, ஹாலோவீன் முடிந்து இரண்டு நாள் கழித்து. அதனால் அந்த வருடமும் மேஜையை டிரைவ்வே ஓரத்திலேயே போட்டோம்.