பேண்ட்கேம்ப்பில் காசு கொடுத்துப் பாட்டு வாங்கலாமா? தண்டையார்பேட்டையில் இருந்து ஒரு ரிவ்யூ

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். பெரிய கம்பெனி, பெரிய ஹீரோ, பெரிய மேடை எதுவும் பின்னால் இல்லாத பாடகர்களைத் தேடித் தேடிக் கேட்கிறவர்களுக்கு, கேட்டதோடு நிற்காமல் ‘மச்சான் இதைக் கேளு’ என்று நாலு பேருக்கு விடாமல் அனுப்புகிறவர்களுக்குத்தான் இந்த ரிவ்யூ. சில வருஷங்களாக பேண்ட்கேம்ப் தளத்தில் பாட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். வாங்கலாமா என்று கேட்டால், வெளிநாட்டுக் கலைஞர் என்றால் தாராளமாக வாங்குங்கள், இதைவிட நல்ல இடம் இன்னும் என் கண்ணில் படவில்லை. நம்ம ஊர்க் கலைஞர் என்றால் அங்கே போகாதீர்கள், அதற்கு வேறு வழி இருக்கிறது, அதையும் கடைசியில் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: பேண்ட்கேம்ப் 2008-ல் அமெரிக்காவில் ஆரம்பித்தது. யார் வேண்டுமானாலும் பக்கம் திறந்து, தன் பாட்டைப் போட்டு, தானே விலை வைத்து விற்கலாம். மாசச் சந்தா கட்டிக் கோடிப் பாட்டு கேட்கிற ஆப் மாதிரி இல்லை இது, கடை. ஆல்பம் வாங்கினால் ஃபைலை டவுன்லோட் செய்து உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம், எம்பி3 வேண்டுமா, ஒலித்தரம் குறையாத ஃபிளாக் ஃபைல் வேண்டுமா, அது உங்கள் விருப்பம். நாளைக்கே அந்தக் கலைஞர் பக்கத்தை மூடினாலும் உங்களிடம் இருக்கிற ஃபைல் உங்களோடதுதான். வாங்காமலும் கேட்கலாம், ஆனால் சில தடவை கேட்டதும் ‘பிடித்திருக்கிறதா, வாங்குங்களேன்’ என்று கேட்கும். நியாயமான கேள்வி.

காசுக் கணக்குதான் எனக்கு முக்கியம், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுத்துக்கொள்வது 15 சதவீதம், சட்டை, கேசட், இசைத்தட்டு மாதிரிப் பொருட்களில் 10 சதவீதம். பணம் அனுப்பும் கட்டணம் தனி. எல்லாம் போகச் சராசரியாக 82 சதவீதம் கலைஞருக்கோ அவர் பாட்டை வெளியிடுகிற லேபிளுக்கோ போகிறது என்று நிறுவனமே சொல்கிறது. இதை ஸ்ட்ரீமிங்கோடு, அதாவது அந்தச் சந்தா ஆப்களோடு வைத்துப் பாருங்கள். ஸ்பாட்டிஃபை 2024-ல் ஒரு விதி கொண்டுவந்தது: முந்தின 12 மாதத்தில் ஒரு பாட்டு 1,000 தடவையாவது ஓடியிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பாட்டுக்குப் பணமே கிடையாது. 900 தடவை ஓடினால் பூஜ்யம்! அந்த 900-ஐ ஓடவைத்தவர்கள் யார்? உங்களையும் என்னையும் மாதிரி ஆட்கள், வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பி அனுப்பிச் சேர்த்த காதுகள். அத்தனை பேர் கேட்டும் பாடினவருக்கு ஒரு ரூபாய் போகாது என்றால் அந்த ஆப்பில் எத்தனை தடவை ‘ரிப்பீட்’ போட்டு என்ன ஆகப்போகிறது. பேண்ட்கேம்ப்பில் 20 பேர் ஆளுக்கு 5 டாலர் கொடுத்தாலே அந்தக் கலைஞர் கைக்கு ஏறக்குறைய 80 டாலர் வரும். சின்னக் கலைஞருக்கு அது ஒரு நாள் ஸ்டூடியோ வாடகையாவது ஆகும்.

அப்புறம் ‘விலையை நீங்களே சொல்லுங்கள்’ என்று ஒரு வசதி. கலைஞர் குறைந்தபட்ச விலை வைப்பார், அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். சிலர் பூஜ்யத்தில் இருந்தே ஆரம்பிக்கிறார்கள், சும்மாகூட எடுத்துக்கொள்ளலாம். கையில் காசில்லாத மாசம் சும்மா எடுத்துவிட்டு அடுத்த ஆல்பத்துக்குச் சேர்த்துக் கொடுங்கள், யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த ஆல்பம் பக்கமே. அட்டைப்படத்துக்குப் பக்கத்தில் குட்டிக் குட்டிக் கட்டங்களாக, வாங்கியவர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். சிலர் தங்கள் முகத்தை வைத்திருப்பார்கள், சிலர் பூனையை. வாங்கினவர் ரெண்டு வரி எழுதலாம், தனக்குப் பிடித்த பாட்டு எது என்று சொல்லலாம். அந்த முகத்தைத் தொட்டால் அவர் இதுவரை வாங்கின ஆல்பங்கள் எல்லாம் விரியும். அங்கேதான் நான் புதுப் பாட்டு பிடிக்கிறேன். எந்த அல்காரிதமும் வேண்டாம். எனக்குப் பிடித்த ஒரு அபூர்வமான ஆல்பத்தை உலகத்தின் இன்னொரு மூலையில் ஒருத்தர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார் என்றால் அவருடைய ரசனையை நம்பலாம், அவர் வாங்கின அடுத்ததைக் கேட்கலாம். இப்படிப் போய்ப் போய் விடியற்காலை ஆகிவிடும்.

நம்ம கச்சேரி மேடையில் ‘இந்தப் பாடலுக்கு அன்பளிப்பு வழங்கியவர்’ என்று பேரை மைக்கில் சொல்வார்களே, அதுதான் இது. கொடுத்தவர் பேர் பாட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

இப்படிக் கண்டுபிடித்ததில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சாஹெல் சவுண்ட்ஸ் என்று ஒரு சின்ன லேபிள். கிறிஸ்டோபர் கர்க்லி என்ற அமெரிக்கர் மேற்கு ஆப்பிரிக்காவில் சஹாரா பக்கம் சுற்றும்போது, அங்கே மாலி நாட்டில் இளைஞர்கள் செல்போன் மெமரி கார்டில் பாட்டை ஏற்றி, புளூடூத்தில் ஒருத்தருக்கு ஒருத்தர் அனுப்பிக்கொள்வதைப் பார்க்கிறார். பாடினவர் பேர்கூடப் பல ஃபைல்களில் இல்லை. கர்க்லி அந்த ஃபைல்களைச் சேகரித்து, பாடினவர்களைத் தேடிப்பிடித்து, அவர்களோடு பேசி ஆல்பமாக வெளியிட்டார். அதில் இருந்த ஒருத்தர்தான் நைஜர் நாட்டின் எம்டூ மொக்தார். இடது கைக்காரர், சைக்கிள் பிரேக் கம்பியை நரம்பாக இழுத்துக் கட்டித் தன் முதல் கிட்டாரைத் தானே செய்துகொண்டவர். இன்றைக்கு அமெரிக்கா, ஐரோப்பா என்று உலகம் சுற்றி வாசிக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு உடனே ஞாபகம் வந்தது நம்ம ஏரியாதான். கானா இங்கே எப்படிப் பரவியது? முதலில் கேசட், அப்புறம் சிடி, அப்புறம் இதே மெமரி கார்டு, இதே புளூடூத். மூலக்கடைப் பக்கம் செல்போன் கடையில் கொஞ்சம் காசு கொடுத்தால் கார்டு நிறைய பாட்டு ஏற்றிக் கொடுப்பார்கள், அதில் பாதி எவனோ ஒருத்தன் சாவு வீட்டில் போனை நீட்டிப் பதிவு செய்த மரண கானாவாக இருக்கும், நடுவில் யாரோ அழுவதும் கேட்கும், பேர் ‘டிராக் 7’ என்று இருக்கும். பாடினது வியாசர்பாடியா, புளியந்தோப்பா, காசிமேடா, ஒன்றும் தெரியாது. அந்தக் குரல்களைத் தேடிப்போய்ப் பேரைக் கண்டுபிடித்து ஆல்பமாகப் போட ஒரு ஆள் நமக்கு அப்போதே கிடைத்திருக்க வேண்டும். அந்தக் கார்டுகள் எல்லாம் எங்கே போனதோ.

சரி, வாங்கும் வழிக்கு வருவோம். விலை டாலரிலோ யூரோவிலோ பவுண்டிலோ இருக்கும். நம்ம ஊர் டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முதலில் அடைத்துத்தான் இருக்கும், ரிசர்வ் வங்கி 2020-ல் இருந்தே அப்படித்தான் விதி வைத்திருக்கிறது. வங்கி ஆப்பில் போய் அதைத் திறந்துவிட்டு, உச்சவரம்பை ரெண்டாயிரம் மூவாயிரம் என்று சின்னதாக வையுங்கள், வாங்கி முடித்ததும் மூடிவிடுங்கள். பரிமாற்றக் கட்டணம் என்று வங்கி கொஞ்சம் சேர்த்து எடுக்கும், அதனால் ஒவ்வொரு ஆல்பமாக வாங்கினாலும் மொத்தமாக வாங்கினாலும் கார்டு கணக்கை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இசைத்தட்டு, கேசட் எல்லாம் வரவழைக்க ஆசை வரும். தபால் செலவு பல நேரம் தட்டின் விலையையே தாண்டிவிடும், சுங்கவரி வேறு. நான் டிஜிட்டலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நேரமும் பார்த்து வாங்குங்கள். பேண்ட்கேம்ப் ஃபிரைடே என்று வருஷத்தில் சில வெள்ளிக்கிழமைகளை முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். அன்றைக்குத் தளம் தன் பங்கை விட்டுக்கொடுக்கும். கொரோனாவில் கச்சேரிகள் எல்லாம் நின்றுபோனபோது, 2020 மார்ச் 20 அன்று ஆரம்பித்த வழக்கம் இது. அமெரிக்க மேற்குக் கரை நேரம் என்பதால் நமக்கு வெள்ளி மதியம் 12.30-க்கு ஆரம்பித்து சனி மதியம் வரை ஓடும், அங்கே குளிர்கால நேரம் ஓடுகிற மாதங்களில் 1.30. பிடித்ததை எல்லாம் விஷ்லிஸ்ட்டில் போட்டு வைத்து, அன்றைக்குச் சாப்பாட்டு இடைவேளையில் வாங்கிவிடலாம்.

இப்போது குறை. தளத்தை 2022-ல் எபிக் கேம்ஸ் என்ற வீடியோ கேம் நிறுவனம் வாங்கியது. அடுத்த வருஷமே சாங்டிரேடர் என்ற நிறுவனத்துக்குக் கைமாற்றிவிட்டது. கைமாறும்போது ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வேலை போனது. அதே 2023-ல்தான் அவர்கள் ஓட்டுப்போட்டுச் சங்கம் அமைத்திருந்தார்கள். பின்னி மில் தொழிலாளிகளை வைத்து 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த ஏரியாவில் இருந்துகொண்டு இதைக் கண்டும் காணாமல் போக என்னால் முடியாது. கலைஞருக்கு நியாயம் செய்கிற கடை, கடையில் வேலை பார்க்கிறவருக்கும் அதைச் செய்ய வேண்டும். இந்தக் காரணத்துக்காகவே வாங்குவதை நிறுத்தினவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் கோபம் நியாயம். நான் நிறுத்தவில்லை, ஏனென்றால் நான் நிறுத்தினால் முதலில் அடி விழுவது பாடுகிறவர் மேல்.

ரெண்டாவது குறை நம்மைப் பொறுத்தவரை இதைவிடப் பெரியது. பேண்ட்கேம்ப் கலைஞர்களுக்குப் பணம் கொடுப்பது பேபால் என்ற ஆன்லைன் பணச் சேவை வழியாக. அந்த பேபால், இந்தியாவுக்குள் இருந்து இந்தியாவுக்குள் பணம் அனுப்பும் சேவையை 2021 ஏப்ரல் 1-ல் இருந்து நிறுத்திவிட்டது. அதனால் எண்ணூரில் ஒரு பையன் பாட்டு போட்டு, பெர்லினில் இருக்கிறவர் வாங்கினால் பணம் வந்து சேரும், திருவொற்றியூரில் இருக்கிற நான் கொடுப்பதற்குத்தான் வழி அடைபட்டிருக்கிறது. யூபிஐயும் கிடையாது. தெருமுனையில் பூ விற்கிற அக்காகூட க்யூஆர் அட்டை வைத்திருக்கிற ஊரில் இது பெரிய இடைவெளி. இந்த ஒரு காரணத்துக்காகவே மார்க் குறைக்கிறேன்.

அப்போ நம்ம ஆட்களுக்கு என்ன செய்வது? கானா பாடுகிற பசங்க, ராப் பண்ணுகிற பசங்க பெரும்பாலும் யூடியூபில்தான் இருக்கிறார்கள். அங்கே விளம்பரப் பணம் வர 1,000 சப்ஸ்கிரைபரும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும், இல்லை என்றால் 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வை. ஆகவே பாட்டை முழுசாகக் கேளுங்கள், சப்ஸ்கிரைப் பண்ணுங்கள், முக்கியமாக அவர் சேனல் லிங்க்கையே அனுப்புங்கள். வீடியோவை டவுன்லோட் செய்து ஸ்டேட்டஸில் வைத்தால் அவருக்கு ஒன்றும் போகாது. போன வருஷம் ஒரு மீம் பக்கம் நான் நேசிக்கிற ஒரு பாடகரின் வீடியோவில் பேர் வருகிற இடத்தை வெட்டிவிட்டு, தன் லோகோவை ஒட்டிப் போட்டது. பார்வை எகிறியது, கமெண்ட்டில் எல்லோரும் ‘யார்ப்பா இந்த அண்ணன்’ என்று கேட்கிறார்கள், பதில் சொல்ல அந்தப் பக்கத்தில் ஆளே இல்லை. நாங்கள் சில பேர் போய் ஒவ்வொரு கமெண்ட்டுக்குக் கீழேயும் பேரும் ஏரியாவும் சேனல் லிங்க்கும் எழுதினோம். அந்த ராத்திரி அவர் சேனலுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

பாட்டு அனுப்பும்போது பேர், ஏரியா, லிங்க் மூன்றும் இல்லாமல் அனுப்பாதீர்கள். கூட ஒரு வரி, எந்த இடம் உங்களைப் பிடித்து இழுத்தது என்று. ‘ரெண்டாவது சரணத்துல டோலக்கு நின்னு போய் குரல் மட்டும் வரும் பாரு’ என்று எழுதினால் கேட்பார்கள், ‘செம்ம’ என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள்.

காசு கொடுக்க நேர்வழி யூபிஐதான். நிறையப் பேர் வீடியோவுக்குக் கீழே நம்பர் போட்டிருக்கிறார்கள். இல்லை என்றால் ‘அண்ணே, ஒரு ஆல்பத்துக்குக் கொடுக்கிற காசை உங்களுக்கு அனுப்பணும்’ என்று மெசேஜ் போட்டுக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். இதில் 15 சதவீதம் பிடிக்க யாரும் நடுவில் இல்லை. இதைவிட நல்லது, வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடுவது. பதினாறாம் நாள் காரியமோ, பிறந்தநாளோ, கல்யாணமோ, அட்வான்ஸ் கொடுத்துக் கூப்பிடுங்கள், மேடை இறங்கியதும் பேசின காசைக் கையில் கொடுங்கள். வியாசர்பாடியில் ஒரு காரியத்தில் பார்த்தேன், மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்த பாடகர், செத்துப்போனவர் ஹார்பரில் எந்த கேட்டில் வேலை பார்த்தார், பேத்தியை எப்படிக் கூப்பிடுவார் என்பதை எல்லாம் பந்தலில் வந்தவர்களிடம் விசாரித்து, பத்து நிமிஷத்தில் பாட்டாக்கிப் பாடினார். அந்த வீட்டம்மா எழுந்து வந்து ஒரு ஐநூறு ரூபாய் நோட்டை அவர் சட்டைப் பையில் மடித்து வைத்துவிட்டுப் போனார். இந்த வேலைக்கு எந்தத் தளத்தில் விலை போட முடியும்?

பெரிய பேர் வாங்கினவர்களும் இப்படி ஆட்கள் சேர்ந்து வந்துதான் மேலே வந்தார்கள். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழுவின் முதல் கச்சேரி நடந்தபோது மேடையில் இருந்த பலரைச் சென்னையில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்தக் குழுவில் பாடின ராயபுரத்து இசைவாணியை 2020-ல் பிபிசி தன் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது. அவ்வளவு சீக்கிரம்.

ஆக என் மார்க்: வெளிநாட்டுச் சின்னக் கலைஞர்களைக் கேட்க, வாங்க, ரசிகர்கள் வழியாகப் புதுசு கண்டுபிடிக்க, ஐந்துக்கு நாலரை. சென்னைக்குள் சென்னைக்காரருக்குக் கொடுக்க, ஐந்துக்கு ஒன்று. யூபிஐ சேர்த்தார்கள் என்றால் இந்த ரிவ்யூவை அன்றைக்கே திருத்தி எழுதுகிறேன். அதுவரைக்கும் உங்கள் தெருவில், உங்கள் ரூட் பஸ்ஸில், உங்கள் காலேஜில் பாடுகிறவர் யாராவது இருந்தால் கீழே பேரும் ஏரியாவும் சேனலும் எழுதுங்கள். ஒன்று விடாமல் கேட்கிறேன், பிடித்ததை எங்கள் குரூப்பில் போடுகிறேன்.