காது ஒழுகுதுன்னு போனேன், ஆபரேஷன்ல முடிஞ்சுச்சு (திருச்சி ஈஎன்டி ஆஸ்பத்திரி அனுபவம்)

சின்ன வயசுல இருந்தே எனக்கு வலது காது ஒழுகும், சளி பிடிச்சா போதும் தலகாணி உறை நனைஞ்சிடும். எங்கம்மா பூண்டு போட்டு காய்ச்சின எண்ணெய ஊத்துவாங்க (யாரும் ஊத்தாதீங்க, ஜவ்வுல ஓட்டை இருந்தா நேரா உள்ள போயிடும்). கல்யாணத்துக்கு அப்புறம் வேற ஒரு கிளினிக்ல மூணு வருஷம் காட்டினேன், டார்ச் அடிச்சு பாப்பாங்க, சொட்டு மருந்து எழுதுவாங்க, தண்ணி படாம பாத்துக்கங்கம்பாங்க, அவ்ளோதான். போன வருஷம் சீழ் கம்மியாச்சு ஆனா எலி செத்த மாதிரி ஒரு நாத்தம், யார் பக்கத்துலயும் உக்காரவே கூச்சம். எங்க ஓரகத்தி சொல்லித்தான் இங்க போனேன். குறையும் சொல்லப் போறதால பேர் போடல.

டாக்டரம்மா மைக்ரோஸ்கோப் வச்சு சீழ உறிஞ்சி எடுத்துட்டு, சின்ன கேமராவ உள்ள விட்டு டிவில காட்டினாங்க. ஜவ்வோட மேல் பக்கம் உள்வாங்கி பை மாதிரி ஆகி அதுக்குள்ள செத்த தோல் முத்து மாதிரி வெள்ளையா சேர்ந்திருக்கு. பேரு கொலஸ்டியாட்டோமா. கேன்சர் இல்ல, ஆனா சுத்தி இருக்கிற எலும்ப அரிச்சுக்கிட்டே போகும், மேல மூளை, பக்கத்துலயே முகத்துக்குப் போற நரம்பு, சொட்டு மருந்துக்கெல்லாம் அடங்காதுன்னு நேராவே சொல்லிட்டாங்க. ஒரு இரும்பு கவைய தட்டி நெத்தி நடுவுல வச்சாங்க பாருங்க, சத்தம் கேக்காத காதுலதான் தூக்கலா கேட்டுச்சு! அப்படி கேட்டா கோளாறு நடுக்காதுல, உள்நரம்பு நல்லா இருக்குன்னு அர்த்தமாம். ஆடியோகிராம்லயும் (காது எவ்ளோ கேக்குதுன்னு அளக்கிற டெஸ்ட்) அதேதான் வந்துச்சு. சிடி ஸ்கேன்ல, ஸ்கூல் புக்குல படிச்ச நடுக்காது குட்டி எலும்புங்க சுத்தி, பட்டடை, அங்கவடில பட்டடை எலும்பு பாதி அரிச்சுப் போயிருந்துச்சு.

ஆபரேஷன் முழு மயக்கத்துல, மூணு மணி நேரத்துக்கு மேல. காதுக்குப் பின்னாடி கீறி, மாஸ்டாய்டு எலும்ப டிரில் பண்ணி நோய சுத்தமா எடுத்துட்டு, காதுக்கு மேல இருக்கிற தசையோட உறைய வெட்டி புது ஜவ்வா வச்சிருக்காங்க. முடி ரெண்டு விரல் அகலம்தான் மழிச்சாங்க, நான் மொட்டைன்னு நெனச்சு அழுதுட்டேன். மயக்கம் தெளிஞ்சதும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி வலிக்குதான்னு இல்ல, "பல்லக் காட்டுங்க, கண்ண இறுக்கி மூடுங்க". முக நரம்பு வேலை செய்யுதான்னு பாக்கத்தான். நாக்குல வலது பக்கம் ரெண்டு மாசம் காபி குடிச்சா காசை சப்புற மாதிரி ருசி, ருசி நரம்பும் அந்த வழியாத்தான் போகுது, இப்படி ஆகலாம்னு முன்னாடியே சொன்னதால பயப்படல.

இப்ப குறை. டோக்கன் பத்து மணிக்குன்னா உள்ள போக ஒன்றரை ஆகும், சேர் பத்தாது. பேக்கேஜ் 85,000 சொன்னாங்க, பில் 97,000 வந்துச்சு, டிரில் முனை தனி, மருந்து தனின்னு. இன்சூரன்ஸ் டெஸ்க்ல ஆள் இல்லாம டிஸ்சார்ஜ் அன்னிக்கு கட்டோட நாலு மணி நேரம் உக்காந்திருந்தேன். மூக்க பலமா சிந்தாதீங்க, தும்மல் வந்தா வாயத் திறந்து தும்முங்கன்னு நர்ஸக்கா வாசல்ல வந்துதான் சொன்னாங்க, பேப்பர்ல எழுதிக் கொடுத்திருக்கலாம்.

நாத்தம் சுத்தமா போச்சு. கேக்கிறது 50 டெசிபல்ல இருந்து 35க்கு வந்திருக்கு (நம்பர் குறைஞ்சா நல்லா கேக்குதுன்னு அர்த்தம்), முழுசா வரல, பட்டடைக்கு பதிலா செயற்கை எலும்பு வைக்கிறத ஒரு வருஷம் கழிச்சு பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க. நோய் திரும்பி வரலாம்ங்கறதால ஆறு மாசத்துக்கு ஒருதரம் போயி சுத்தம் பண்ணிட்டு வரணும், அதுக்கும் அதே டோக்கன் கூத்துதான். குளிக்கறப்ப பஞ்சுல வாசலின் தடவி அடைச்சுக்கிறேன். டாக்டருக்கு அஞ்சுக்கு அஞ்சு, ஆபீஸுக்கு ரெண்டு. கார்ல போகாதீங்க, நிறுத்த இடமே கிடையாது.