ஆன்லைனில் நர்சிங் எஜுகேஷன் எம்.எஸ்.என்.: எங்கே கைகொடுக்கிறது, எங்கே போதவில்லை

அமெரிக்காவில் ஆர்.என். (பதிவுபெற்ற நர்ஸ்) உரிமத்தோடு வேலை பார்க்கும் நர்ஸ்கள் ஆசிரியர் பணிக்கு மாற எடுக்கும் வழிகளில் முக்கியமானது, ஆன்லைனில் படிக்கும் நர்சிங் எஜுகேஷன் எம்.எஸ்.என். (நர்சிங் முதுகலைப் பட்டம்). முதல் செமஸ்டரிலிருந்து பிராக்டிகம் (நேரடிக் கற்பித்தல் பயிற்சி) வரை படித்து, கற்றதை வகுப்பிலும் வார்டிலும் உரசிப் பார்த்த அளவில் சொல்வதென்றால், பாடம் திட்டமிடவும் வினாத்தாள் தயாரிக்கவும் இந்தப் படிப்பு மிக நன்றாகத் தயார்செய்கிறது. கட்டிலருகே எட்டு மாணவர்களை வைத்துக்கொண்டு கற்பிக்க அது மட்டும் போதாது.

சேரும்முன் நேரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்று கிரெடிட் பாடம் 15 வாரம் நடந்தால் வாரத்துக்குச் சுமார் 9 மணி நேரம், மொத்தம் 135 மணி. அதே பாடத்தை 8 வாரத்தில் முடிக்கும்படி வைத்திருந்தால் வாரம் 17 மணி நேரம் ஆகிவிடும். வாரம் மூன்று 12 மணி நேர ஷிஃப்ட் பார்ப்பவர் ஒரு சமயத்தில் ஒரு பாடத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. அதிலும் நோய் உடலியங்கியல் (பேத்தோஃபிசியாலஜி), மருந்தியல், உடல் பரிசோதனை ஆகிய மூன்றின் மேல்நிலைப் பாடங்கள் ஆளைச் சோர்வாக்கிவிடும். கற்பிக்கப் போகிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். வார்டில் மாணவர் "ஏன்?" என்று கேட்கும்போது பதில் அங்கிருந்துதான் வருகிறது.

படிப்புக்கு சி.சி.என்.இ., ஏ.சி.இ.என்., சி.என்.இ.ஏ. என்ற அமெரிக்க நர்சிங் கல்வி அங்கீகார அமைப்புகளில் ஒன்றின் அங்கீகாரம் இருக்க வேண்டும். ஊர் திரும்பிக் கல்லூரியில் கற்பிக்கும் எண்ணம் இருப்பவர்கள், ஆன்லைனில் பெற்ற பட்டம் அங்கே ஏற்கப்படுமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே இந்திய நர்சிங் கவுன்சிலிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இந்தப் படிப்பின் உண்மையான பலம், தேர்வும் மதிப்பீடும் என்ற பாடம். 2023 ஏப்ரலில் புதிய வடிவ என்.சி.எல்.இ.எக்ஸ். (நர்ஸ் உரிமத் தேர்வு) வந்தபின் இதன் மதிப்பு இன்னும் கூடிவிட்டது. அறிகுறிகளைக் கவனிப்பது, அவற்றை அலசுவது, எது முக்கியம் என்று வரிசைப்படுத்துவது, தீர்வுகளை யோசிப்பது, செய்வது, பலனைப் பார்ப்பது என ஆறு படிகளில் மாணவரின் முடிவெடுக்கும் திறனை அந்தத் தேர்வு அளக்கிறது. "ஃபுரோசமைட் எந்த வகை மருந்து?" என்று நினைவை மட்டும் சோதிக்கும் கேள்வி இதற்கு உதவாது.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். இதயச் செயலிழப்பு நோயாளி, டிகாக்ஸின் என்ற இதய மருந்தும் சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைடும் எடுப்பவர். பொட்டாசியம் 2.9 (இயல்பைவிடக் குறைவு). குமட்டலும் மஞ்சளாகத் தெரியும் பார்வையும் இருக்கின்றன (டிகாக்ஸின் உடலில் நஞ்சாவதன் அறிகுறிகள்). நர்ஸ் முதலில் என்ன செய்ய வேண்டும்? விடைகளில் ஒன்று, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒரு நிமிடம் துடிப்பை எண்ணுவது. இன்னொன்று, இரண்டு மருந்தையும் நிறுத்திவைத்து மருத்துவரை அழைப்பது. விடைக்குறிப்பில் இரண்டாவதைப் போட்டிருக்கிறோம் என்று வையுங்கள். நன்றாகப் படிக்கும் மாணவர்கள் "முதலில் பரிசோதனை" என்ற பழக்கத்தில் முதலாவதைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்வுக்குப் பிந்தைய அலசலில் பாயின்ட் பைசீரியல் (ஒரு கேள்வியின் விடைக்கும் மொத்த மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் எண்) மைனஸில் வரும். மொத்தத்தில் அதிக மதிப்பெண் எடுத்தவர்களே இந்தக் கேள்வியில் தவறுகிறார்கள் என்று அதற்கு அர்த்தம். பழுது கேள்வியில். "நாடித்துடிப்பு 46" என்று கேள்விக்குள்ளேயே சேர்த்துவிட்டால் பரிசோதனை முடிந்துவிட்டது, விடை ஒன்றே ஒன்றுதான். இந்தத் திருத்தத்தைக் கற்றுக்கொடுக்க ஆன்லைனைவிட நல்ல இடம் இல்லை. கேள்வியை எழுதிப் போடலாம், பத்துப் பேர் எழுத்தில் குறை சொல்வார்கள், ஆற அமர யோசித்துத் திருத்தலாம்.

எண்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. பாயின்ட் பைசீரியல் 0.20க்கு மேல் இருந்தால் நல்லது என்பார்கள். ஆனால் 20 பேர் எழுதிய தேர்வில் இரண்டு பேர் விடையை மாற்றினாலே அந்த எண் தடுமாறும். சரியான நோயாளியை அடையாளம் காண்பது போன்ற, எல்லோருக்கும் தெரிந்தே ஆக வேண்டிய விஷயத்தில் 98 சதவீதம் பேர் சரியாக எழுதினால் எண் பூஜ்யத்தை ஒட்டித்தான் வரும். அதற்காக அந்தக் கேள்வியைத் தூக்கிப் போடக் கூடாது.

கலந்துரையாடல் பக்கம் பல பாடங்களில் சடங்காகிவிடுகிறது. புதன்கிழமைக்குள் ஒரு பதிவு, ஞாயிறுக்குள் இரண்டு பதில், எல்லாம் கடைசி இரவில் வந்து குவியும். பத்து நிமிடம் பாடம் நடத்திக் காணொளி அனுப்பும் பயிற்சி பரவாயில்லை, ஆனால் வெறும் கேமராவைப் பார்த்துப் பேசாதீர்கள். மூன்று சக நர்ஸ்களை எதிரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டுப் பாருங்கள். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒன்றரை விநாடிக்கு மேல் காத்திருப்பதில்லை. மூன்று விநாடியாவது பொறுத்தால் பதில்கள் நீளும், தயங்குபவர்களும் பேசுவார்கள். காணொளியை ஓடவிட்டுக் கடிகாரம் பார்த்தால் உங்கள் பழக்கம் தெரிந்துவிடும்.

பிராக்டிகத்துக்கான ஏற்பாட்டை இரண்டு செமஸ்டருக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். முதலில், முதுகலைப் பட்டம் பெற்ற, கற்பித்தல் அனுபவமுள்ள ப்ரீசெப்டர் (பயிற்சியில் உங்களை வழிநடத்துபவர்) வேண்டும். அடுத்து, உங்கள் பல்கலைக்கழகத்துக்கும் பிராக்டிகம் செய்யப்போகும் இடத்துக்கும் ஒப்பந்தம். இரு பக்கத்துச் சட்டப் பிரிவுகளும் அதைப் படித்து முடிக்க மாதக்கணக்கில் ஆகலாம். தடுப்பூசிச் சான்றும் பின்னணிச் சோதனையும் அதற்குப் பிறகுதான். பல்கலைக்கழகம் ஒரு மாநிலத்திலும் நீங்கள் இன்னொன்றிலும் இருந்தால், உங்கள் மாநிலத்தில் பிராக்டிகம் நடத்த அவர்களுக்கு அனுமதி உண்டா என்று சேரும்போதே கேளுங்கள். தெரிந்த இடம் என்று சொந்த வார்டிலேயே செய்ய ஆசை வரும். வேண்டாம், அங்கே எல்லோரும் உங்களை ஸ்டாஃபாகவே நடத்துவார்கள்.

கிடைத்த மணி நேரத்தில் பெரும்பகுதியை விரிவுரையில் செலவழிக்காமல் வார்டில் கற்பிப்பதைப் பார்க்கக் கேளுங்கள். காலை 9 மணி மருந்து நேரத்தைக் கவனியுங்கள். எட்டு மாணவர், எட்டு நோயாளி, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மருந்து. ஒவ்வொரு மாத்திரையையும் மாணவரோடு நின்று சரிபார்க்க ஆசிரியர் ஒருவர்தான். ஒருவருக்குப் பதினைந்து நிமிடம் என்றால் எட்டாவது நோயாளிக்கு மருந்து 11 மணிக்குத்தான் போகும். தேர்ந்த ஆசிரியர் அன்றைக்கு இரண்டு பேரை மட்டும் மருந்துக்கு வைப்பார். மற்ற நோயாளிகளின் மருந்து ஸ்டாஃப் நர்ஸின் பொறுப்பு என்று 7 மணிக்கே சொல்லிவிடுவார். மீதி ஆறு மாணவருக்கும் முழு உடல் பரிசோதனை, டிரெஸ்ஸிங் என்று வேலை பிரிந்திருக்கும். அந்தப் பட்டியலை அவர் முந்தின நாள் எப்படிப் போடுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அடுத்த வாரப் பட்டியலை நீங்கள் போட்டு, அவரிடம் திருத்தி வாங்குங்கள்.