உள்ளூரில் வளரட்டுமா, ஊர் தாண்டட்டுமா? ஒரு ஹொக்கிப் பெடியனுக்காகக் கொழும்பிலிருந்து ஓர் அலசல்

அக்காவின் அழைப்பு இரவு பத்தரைக்குத்தான் வரும். ரொறன்ரோவில் அப்போது நடுப்பகல், அவளுக்கு வேலையிடத்துச் சாப்பாட்டு நேரம். போன கிழமை எடுத்தவள் சுகம்கூட விசாரிக்கவில்லை.

“தம்பி, நீ உந்த விளையாட்டுக் கதையெல்லாம் எழுதிறனிதானே. ஒரு முடிவு சொல்லு. இவனை அனுப்பிறதோ, வேண்டாமோ?”

இவன் என்றால் என் மருமகன். பதின்மூன்று வயது. ஸ்காபரோவில் பிறந்தவன், ஓடப் பழகுமுன் சறுக்கப் பழகியவன். ரொறன்ரோப் பெருநகரின் ஐஸ் ஹொக்கி லீக்கில் ‘ஏஏ’ தரத்தில், அதாவது ‘ஏஏஏ’வுக்கு அடுத்த தரத்தில், ஆடுகிறான். அந்த லீக் 1911இல் தொடங்கியது. சுமார் 40,000 பிள்ளைகள் ஆடும், உலகின் மிகப் பெரிய சிறுவர் ஹொக்கி அமைப்பு அது. இப்போது எட்டு மணித்தியாலக் கார் தூரத்தில் உள்ள ஓர் உறைவிடப் பள்ளி, படிப்பும் ஹொக்கியும் சேர்த்து அவனுக்கு இடம் தருகிறோம் என்று எழுதியிருக்கிறது. அத்தான் ஓம் என்கிறார். அக்காவுக்கு நித்திரை இல்லை.

நான் இப்போது கொழும்பு வெள்ளவத்தைக்காரன். ஐஸை அதிகம் பார்த்தது ஃபலூடாக் குவளையில்தான். ஆனால் இந்தக் கேள்வியை எங்கள் ஊரில் கிரிக்கெட் பெயரில் முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒரு பெடியன் பதின்மூன்று வயதுப் பிரிவில் நன்றாக ஆடினால், கொழும்பிலிருந்து ஒரு பள்ளிக்கூடம் ஆள் அனுப்பும். ஹொஸ்டல் இலவசம், சப்பாத்து இலவசம், பெரிய மைதானம். வீட்டில் சண்டை தொடங்கும். ஆகவே இரண்டு விளையாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

இரண்டு வழியையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் போதும். அங்கே பிள்ளை எந்த ஊரில் குடியிருக்கிறதோ, அல்லது எந்த ஊரில் படிக்கிறதோ, அந்த ஊர்ச் சங்கத்துக்குத்தான் ஆட வேண்டும் என்பது பொதுவிதி. கெட்டிக்காரனை அடுத்த ஊர்க்காரன் தூக்கிக்கொண்டு போக முடியாது. குளிர்காலத்தில் பூங்காவுக்குத் தண்ணீர் பாய்ச்சினால் விடியும்போது ஆடுகளம் ரெடி. கனடிய எல்லையோரம் வோரோட் என்று ஒரு ஊர் இருக்கிறது. சனத்தொகை இரண்டாயிரத்தைத் தொடாது. அங்கிருந்து பில், ரோஜர் கிறிஸ்டியன் என்ற சகோதரர் இருவர் 1960இல் ஒலிம்பிக் தங்கம் வென்றார்கள். 1980இல் சோவியத் அணியை வீழ்த்தித் தங்கம் எடுத்த அமெரிக்க அணியில் பில்லின் மகன் டேவ் இருந்தார். அந்த அணியின் 20 பேரில் 12 பேர் மினசோட்டாக்காரர். பயிற்சியாளர் ஹேர்ப் புரூக்ஸும் அந்த மாநிலத்து செயின்ட் போல் நகரத்தவர்தான்.

பெடியளை ஊரிலே பிடித்து வைத்திருப்பது விதி மட்டுமல்ல. 1945 முதல் நடக்கும் மாநில உயர்நிலைப் பள்ளிச் சுற்றுப்போட்டி ஒன்று உண்டு. தொழில்முறை அணி ஆடும் பெரிய அரங்கே அதற்கு நிரம்பி வழியும். எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துப் பள்ளிகளான யாழ் மத்திக்கும் சென் ஜோன்ஸுக்கும் நடக்கும் ‘வடக்கின் பெரும் போர்’ கிரிக்கெட் மட்ச்சில் ஒரு தரமாவது இறங்க வேண்டும் என்பதற்காகக் கொழும்பு அழைப்பை மறுத்த பெடியளை எனக்குத் தெரியும். 1904இல் தொடங்கிய ஒரு மட்ச் செய்கிற வேலையை எந்தப் புலமைப்பரிசிலும் செய்யாது.

அதே மினசோட்டாவில் ஃபாரிபோல்ட் என்ற ஊரில் ஷட்டக் செயின்ட் மேரிஸ் என்ற உறைவிடப் பள்ளி இருக்கிறது. அது நேர் எதிர்வழி: எங்கிருந்தும் எடு, ஓரிடத்தில் சேர், நாள்தோறும் ஐஸில் இறக்கு. பள்ளிக்குள்ளேயே ஆடுகளம், வகுப்பு முடிந்தால் பயிற்சி, நாடு முழுக்கப் பயணம். பின்னாளில் ஹொக்கி நட்சத்திரமான சிட்னி கிராஸ்பி 2002–03 பருவத்தில் அங்கே ஆடினார். அவரைப் போலவே பெயரெடுத்த ஜோனதன் டேவ்ஸ், ஸாக் பரீஸே, நேதன் மெக்கினன் எல்லோரும் அங்கே படித்தவர்கள். கட்டணம் ஆண்டுக்குப் பல பத்தாயிரம் டொலர். அத்தான் காட்டும் பட்டியலும் இதுதான். “இத்தனை பேர் போயிருக்கினம், எங்கட பிள்ளை ஏன் போகக்கூடாது?”

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்வேன். கிராஸ்பியும் மெக்கினனும் ஒரே ஊர்க்காரர். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கோல் ஹார்பர் என்ற புறநகர். வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எச்எல்லில், அணிகள் முறைவைத்து இளைஞரை எடுக்கும் தேர்வில், ஒருவர் 2005இலும் மற்றவர் 2013இலும் முதலாவது ஆளாக எடுக்கப்பட்டார்கள். அப்படியானால் அவர்களை உருவாக்கியது யார்? கிராஸ்பி ஷட்டக் போனபோது அவருக்கு வயது பதினைந்து. ஒரு வருடம்தான் இருந்தார். அதற்கு முதல் பத்து வருடம் காலை ஐந்து மணிக்கு எழும்பி ஆடுகளம் திறந்து கொடுத்தவன் யாரோ ஒரு உள்ளூர்க்காரன். பெயர் பலகையில் ஏறுவது கடைசிப் பள்ளியின் பெயர். கொழும்பிலும் இதே கணக்குத்தான். பெடியன் இலங்கை அணிக்குப் போனால் ‘எங்கள் பழைய மாணவன்’ என்று பதாகை கட்டுவது அவனைப் பதினேழு வயதில் வாங்கிய பள்ளிக்கூடம்.

பொறுக்குவது வேறு, வளர்ப்பது வேறு. வெளியிலிருந்து ஆள் சேர்க்கும் அமைப்பு நன்றாகப் பொறுக்கும். ஆனால் பதின்மூன்று வயதில் என்னத்தைப் பொறுக்குகிறார்கள் என்பதுதான் எனக்குப் பிரச்சினை.

கனடாவில் சிறுவர் ஹொக்கியின் வயதுப் பிரிவு ஜனவரி 1இலிருந்து கணக்கிடப்படுகிறது. 1980களின் நடுப்பகுதியில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் உயர்தர அணிகளின் பிறந்த மாதங்களை எண்ணிப் பார்த்தார்கள். ஜனவரி, பெப்ரவரி, மார்ச் பிள்ளைகள் குவிந்திருந்தார்கள், வருடக் கடைசிப் பிள்ளைகள் அரிதாக இருந்தார்கள். காரணம் சாதாரணம். பத்து மாதம் மூத்தவன் பத்து மாதம் பெரியவன். பெரியவனைத் தேர்வாளர் கெட்டிக்காரன் என்று நினைப்பார். நினைத்ததால் நல்ல பயிற்சி கொடுப்பார். கொடுத்ததால் அவன் கெட்டிக்காரனாகவே ஆகிவிடுவான். எங்கள் பள்ளிக் கிரிக்கெட்டில் மீசை அரும்பிய ‘அண்டர் தேர்ட்டீன்’ வேகப்பந்துக்காரனைப் பார்த்தவர்களுக்கு இது புதுக்கதை அல்ல.

என் மருமகன் நவம்பரில் பிறந்தவன்.

போதாக்குறைக்கு உடம்பால் மோதித் தள்ளுவது அனுமதிக்கப்படும் வயது இப்போதுதான் வருகிறது. கனடாவில் 2013 முதல் 11–12 வயதுப் பிரிவில் அது தடை. அதற்கு மேலேதான் தொடங்கும். நவம்பர்ப் பிள்ளை தன்னைவிட ஒரு சாண் உயர்ந்தவர்களோடு மோதும் முதல் வருடத்தில், தெரியாத ஊரில், அம்மாவின் சோறும் இல்லாமல் நிற்க வேண்டும் என்பதை அத்தானின் பட்டியல் சொல்லவில்லை.

சரி, வெறும் உடம்பு பார்க்காமல் திறமையை வளர்ப்பது எப்படி என்று கேட்டால், ஸ்வீடனின் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் நகரத்தைச் சொல்வேன். ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் வாழும் ஊர். மோடோ என்ற கழகம். பின்னாளில் ஹொக்கி நட்சத்திரங்களான பீட்டர் ஃபோர்ஸ்பெர்க்கும் மார்கஸ் நாஸ்லண்டும் 1973 ஜூலையில் பத்து நாள் இடைவெளியில் அங்கே பிறந்தார்கள். பிறகு செடீன் இரட்டையர், பிறகு விக்டர் ஹெட்மன். செடீன் சகோதரர்களை 1999இல் வன்கூவர் அணி இரண்டாவது, மூன்றாவது ஆளாக எடுத்தது. முன்னே போனவனைப் பார்த்துப் பின்னே வந்தவன் வளர்ந்த ஊர் அது. வெளியிலிருந்து சேர்க்கும் பள்ளிக்கு இந்தத் தொடர்ச்சி கிடையாது. அங்கே அண்ணன்மார் வருடா வருடம் வேறு வேறு நாட்டுக்காரர்.

இன்னொரு உதாரணம் எங்களுக்கு இன்னும் கிட்ட. ஹொக்கி நட்சத்திரம் ஒஸ்டன் மத்தியூஸ் வளர்ந்தது அமெரிக்காவின் அரிசோனாவில், கொழும்பை விடக் கொதிக்கும் பாலைவனத்தில். 1996இல் வினிபெக் நகரத்துத் தொழில்முறை அணி அங்கே இடம் மாறியதால்தான் அவர் கண்ணில் ஹொக்கியே பட்டது. முழு அளவு ஆடுகளம் கிடைப்பது கஷ்டம், ஆகவே ஒரு சின்ன ரிங்கில் மூன்று பேருக்கு மூன்று பேராக ஆடியே கைப்பழக்கம் பெற்றார். 2009இல் அமெரிக்க ஹொக்கிச் சம்மேளனம் சின்னப் பிள்ளைகளுக்கு ஆடுகளத்தைக் குறுக்கே பிரித்துக் கொடுக்கச் சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான்: இடம் சுருங்கினால், ஐஸ் ஹொக்கியில் பந்துக்குப் பதிலாக இருக்கும் வட்டு அடிக்கடி கையில் வரும். எங்கள் ஒழுங்கைக் கிரிக்கெட்டும் அப்படித்தானே? மதில் பட்டால் ஒன்று, ரயில் பாதை தாண்டினால் அவுட். நேராக அடிக்கப் பழகியதற்கு அந்த ஒழுங்கைதான் காரணம்.

ஆனால் மத்தியூஸ் கதை என் கட்சிக்கு முழுதாக உதவாது, அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் அரிசோனாவிலேயே இருந்துவிடவில்லை. பதினைந்து, பதினாறு வயதில் அமெரிக்க தேசிய வளர்ச்சி அணிக்குப் போனார். 1996இல் மிச்சிகனில் தொடங்கப்பட்ட அந்த அணி பதினேழுக்கும் பதினெட்டுக்கும் உட்பட்ட பிரிவுகளில் நாட்டின் சிறந்த பெடியளை ஓரிடத்தில் சேர்க்கிறது. அதன்பின் ஒரு வருடம் சூரிச் நகரத்தில் பெரியவர்களோடு ஆடி, 2016இல் முதலாவது ஆளாக ரொறன்ரோவுக்கு எடுக்கப்பட்டார். ஒரு வயதுக்குப் பிறகு உள்ளூர் போதாது. உன்னோடு மோத ஆள் இல்லாத இடத்தில் நீ வளர மாட்டாய். உள்ளூர்க் கழகத்தில் இன்னொரு வியாதியும் உண்டு: பயிற்சியாளரின் மகன் எப்போதும் முதல் வரிசையில், அதாவது மாறி மாறி இறங்கும் குழுக்களில் முதலாவதில், ஆடுவான்.

எங்கள் பக்கத்தில் முரளிதரனைப் பாருங்கள். கண்டிப் பிள்ளை, கட்டுகஸ்தோட்டை சென் அந்தனீஸ். மித வேகம் போட்டுக்கொண்டிருந்தவரைப் பதினான்கு வயதில் சுழல்பந்துக்கு மாற்றியது அவருடைய பள்ளிப் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. பள்ளி முடிந்த பிறகே கொழும்புக்கு வந்து தமிழ் யூனியன் கழகத்தில் சேர்ந்தார். பதின்மூன்று வயதில் ஒரு கொழும்புப் பள்ளி அவரை வேகப்பந்துக்காரனாக வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சில வேளை யோசிப்பதுண்டு. யாழ் மத்தியின் வியாஸ்காந்தும் தன் ஊரிலேயே பள்ளிக் கிரிக்கெட் ஆடியவர். 2020இல் லங்கா பிரிமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்கு ஆடி, 2024இல் ஹைதராபாத் அணிக்காக ஐபிஎல் மைதானத்தில் இறங்கினார்.

மறுபக்கம், நான். எனக்கும் பதின்மூன்றில் அழைப்பு வந்தது. லெக் ஸ்பின். வவுனியாவிலிருந்து ரயில் ஏறிக் கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்து ஹொஸ்டலில் இறங்கினேன். பெயர் வேண்டாம். அணியில் ஏற்கெனவே இரண்டு சுழல்பந்துக்காரர் இருந்தார்கள் என்பதை அழைத்தவர் சொல்லவில்லை. மூன்று வருடத்தில் நான் ஆடிய மட்ச்சுகளை இரண்டு கை விரலில் எண்ணலாம். வலைப்பயிற்சியில் மற்றவன் அடிக்கப் பந்து போட்டேன், தண்ணீர்ப் போத்தல் சுமந்தேன். ஊருக்குத் திரும்பியபோது என் இடத்தில் வேறொருவன். கோபம் ஆறிவிட்டது, ஆனால் கணக்கு மறக்கவில்லை.

அந்தக் கணக்கு ஹொக்கிக்கு இன்னும் கறாராகப் பொருந்தும். ஒரு மட்ச்சுக்குக் கோல்காப்பாளர் இருவர் உட்பட 20 பேர்வரை உடுத்தி நிற்பார்கள். ஒரே நேரத்தில் ஐஸில் இருப்பது கோல்காப்பாளரோடு ஆறு பேர். ஒவ்வொருவனும் முக்கால் நிமிடம்போல ஓடிவிட்டு வாங்கில் வந்து குந்துவான். முதல் வரிசைக்காரன் திரும்பத் திரும்பப் போவான். நான்காம் வரிசைக்காரன் கழுத்தை நீட்டிக்கொண்டு இருப்பான். உள்ளூரில் முதல் வரிசையில் ஆடுபவன் உறைவிடப் பள்ளியில் நான்காம் வரிசைக்குப் போனால், பெரிய அணியில் சேர்ந்து சின்ன ஆட்டம் ஆடுகிறான்.

என் தீர்ப்பு இது. பதினைந்துவரை ஸ்காபரோ. அவன் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்து ஜூனியர் லீக்கின் தேர்வு வருவதே பதினைந்து, பதினாறு வயதில்தான். அதற்கு முன் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. முன்பு இன்னொரு அவசரம் இருந்தது. கனடிய ஜூனியர் லீக்கில் ஆடியவனுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கியில் இடமில்லை என்பதால், பெற்றோர் நேரத்தோடு பக்கம் பிரிய வேண்டியிருந்தது. 2025–26 பருவத்திலிருந்து அந்தத் தடையும் எடுபட்டுவிட்டது. மிச்சமாகும் காசில் ஒரு நல்ல சறுக்குப் பயிற்சியாளரைக் கிழமைக்கு ஒரு நாள் பிடிக்கலாம். பதினைந்தில் உள்ளூரில் அவனுக்கு ஈடுகொடுக்க ஆளில்லை என்றால் அனுப்பட்டும், நானே அத்தானுக்கு வக்காலத்து வாங்குவேன். இப்போதே அனுப்பலாம் என்பதற்கு ஒரேயொரு காரணத்தைத்தான் ஏற்பேன்: அங்கே போனால் இங்கே ஆடுவதைவிடக் கூடுதல் நிமிடம் ஆடுவான் என்று அவர்கள் காட்ட வேண்டும்.

அக்காவுக்கு இதையெல்லாம் சொன்னபோது அவள் கனநேரம் பேசவில்லை. பிறகு, “அவங்களிட்ட என்ன கேக்கோணும், எழுதித் தா” என்றாள். நாலு கேள்வி எழுதிக் கொடுத்தேன். அவன் வயதுப் பிரிவில் எத்தனை பேர்? அவன் ஆடும் இடத்துக்கு ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள்? போன வருடம் நான்காம் வரிசையில் ஆடியவர்களில் எத்தனை பேர் இந்த வருடமும் அங்கே நிற்கிறார்கள்? ஒக்டோபர், நவம்பர், டிசம்பரில் பிறந்தவர்கள் எத்தனை பேர்?

மின்னஞ்சல் போய் நாலு நாள். கட்டணப் பட்டியலை இரண்டாம் தரமும் அனுப்பியிருக்கிறார்கள். கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை.