ஓடும் லாக்கைப் பார்க்க எது தோது: டெயில், லெஸ், டிமக்ஸ்

புதுச்சேரியில் உட்கார்ந்து வாடகை சர்வரின் லாக்கை (நடப்பதையெல்லாம் வரிவரியாக எழுதிவைக்கும் ஃபைலை) கவனிப்பவர்களுக்குப் பழக்கமான தொல்லை: லாக்கின் கடைசி வரிகளைக் காட்டியபடி இரவெல்லாம் ஓடிய டெயில் கமாண்ட் விடிந்ததும் ஊமையாகிவிடும். நெட்டின் மேல் பழி போட வேண்டாம். இந்த சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுபவை. அதன் நள்ளிரவு நமக்குக் காலை 5.30. டெபியன், உபுண்டு லினக்ஸில் லாக்குகளைச் சுழற்சி முறையில் மாற்றும் லாக்ரொடேட் தினமும் அதையொட்டித்தான் கிளம்பும். பழைய லாக்கின் பெயரை மாற்றிவிட்டு அதே பெயரில் புது ஃபைலை வைக்கும். டெயிலுக்குச் சின்ன எஃப் கொடுத்திருந்தால் பெயர் மாறிய பழைய ஃபைலையே பிடித்துக்கொண்டிருக்கும்; பெரிய எஃப் கொடுத்தால் பெயரைப் பின்தொடர்ந்து புதியதற்குத் தாவும். சின்ன எஃப்பை மறந்துவிடுவது நல்லது.

அதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பழைய லாக்கைப் பிறகு அழித்தாலும் டெயில் அதைத் திறந்தே வைத்திருப்பதால் டிஸ்க்கில் இடம் காலியாகாது. ஃபைல்களின் அளவைக் கூட்டும் டியூ சொல்லும் கணக்கும் டிஸ்க்கில் நிரம்பிய இடத்தைக் காட்டும் டிஎஃப் சொல்லும் கணக்கும் உதைத்தால், திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கமாண்டுக்கு +எல்1 கொடுங்கள். பிடித்திருக்கும் ப்ராசஸ் தெரிந்துவிடும்.

டெயிலை, தேடும் சொல் உள்ள வரிகளை மட்டும் விடும் க்ரெப்பில் வடிகட்டித் திரையில் பார்க்கும்வரை சிக்கலில்லை. அதன் பின்னால் வரியில் வேண்டிய பகுதியை மட்டும் எடுக்கும் கட், ஆக் என்று ஒன்றைச் சேர்த்ததும் எதுவுமே வராதது போலிருக்கும். திரைக்குப் போகாத வரிகளை க்ரெப் சில கிலோபைட் சேர்த்துவைத்து மொத்தமாகத்தான் தள்ளும். லைன்-பஃபர்டு ஆப்ஷன் போட்டால் வரிக்கு வரி வரும். வரிகளைத் திருத்தும் செட் (எஸ்இடி) கமாண்டுக்கு -யூ.

வெறுமனே பார்க்க என்றால் என் ஓட்டு, ஃபைலைத் திரை திரையாகக் காட்டும் லெஸ்ஸுக்கே. +எஃப் போட்டுத் திறந்தால் டெயில் போலவே ஓடும். கன்ட்ரோல்-சி அழுத்தினால் நிற்கும். சாய்கோடு போட்டுத் தேடலாம், மேலே போய்ப் படிக்கலாம், மறுபடி பெரிய எஃப் அழுத்தினால் ஓடத் தொடங்கும். ஃபாலோ-நேம் ஆப்ஷனையும் சேர்க்காவிட்டால் இங்கும் அதே 5.30 மணிக் கதைதான். வேறொரு கமாண்ட் தருவதை பைப் வழியாக லெஸ்ஸுக்கு அனுப்பினால் கன்ட்ரோல்-சி முன்னாலிருக்கும் கமாண்டையும் சேர்த்துக் கொன்றுவிடும், ஜாக்கிரதை.

ஐப்பசி, கார்த்திகையில் கடலூர்ப் பக்கம் கரண்ட் போவது புதிதல்ல. சர்வரோடு இணைக்கும் எஸ்எஸ்ஹெச் அறுந்தால் டெயிலும் போச்சு. இணைப்பு அறுந்தாலும் கமாண்டுகளை ஓட வைக்கும் டிமக்ஸை லேப்டாப்பில் அல்ல, சர்வரிலேயே ஓட விடுங்கள். திரும்ப வந்து அட்டாச் செய்தால் (அதோடு மறுபடி இணைந்தால்) போதும். ஆனால் அது இயல்பாக 2000 வரிகளைத்தான் நினைவில் வைக்கும். ஹிஸ்டரி-லிமிட்டை 50000 ஆக்குங்கள், விண்டோவைத் திறப்பதற்கு முன்பே. ஏற்கெனவே திறந்ததற்கு அது செல்லாது.